கேட்டில் பிடிபட்ட தீப்பெட்டி

என் வாய்க்குத் திருத்தங்கல்லில் ஒரு பெயர் இருந்தது. "அவகிட்ட வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிடாத" என்பார்கள். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் நான் திரும்பி வந்ததற்கும் இந்த வாய்தான் காரணம் என்று தெருவில் பேச்சு. பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா இருந்தவரை வீட்டில் சண்டை போடவாவது ஓர் ஆள் இருந்தது. அம்மாவும் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை என்று மிஞ்சியது எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியும், அதில் ஒரு ரூமும்தான்.

பட்டாசுக் கம்பெனி என்றால் பெரிய கட்டடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கரிசல் காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள் அவை. ஒன்றில் ஏதாவது ஆனால் மற்றது தப்பிக்க வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. ஒரு ரூமுக்கு நாலு பேர்தான், அதற்கு மேல் கூடாது. எங்கள் ரூமில் பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, வெடிமருந்து செலுத்துவோம். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்காது. பத்தாவது வரை படித்தவள், லைப்ரரியில் கதைப் புத்தகம் எடுத்து வந்து படித்ததை ரூமில் சொல்கிறவள் என்பதால் எனக்கு 'டீச்சர்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். கூலிக்காக வேலைக்குப் போனேன் என்று சொன்னால் அதில் பாதி பொய். அந்தப் பேச்சுக்காகத்தான் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தவளை எல்லோரும் மதினி என்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுடைய தம்பிக்குத் தாயில்பட்டியில் நடந்த ஒரு பட்டாசு விபத்தில் இரண்டு கையும் வெந்துபோய், விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அவனுக்கு இன்றைக்கும் சோறு ஊட்டிவிட்டுத்தான் அவள் வேலைக்கு வருவாள். அடுப்பைத் தவிர வேறெங்கே நெருப்பைப் பார்த்தாலும் முகம் வெளிறிவிடும். அப்படிப்பட்டவள் வந்து உட்கார்ந்து செய்வது பூச்சட்டி. வேறு என்ன செய்ய? எங்கள் பக்கம் வேலை என்றால் அதுதான்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல் தேய்த்து வாய் கொப்பளித்தேன், தண்ணீர் இடது பக்க உதட்டு வழியாகத் தானே ஒழுகியது. திரும்பக் கொப்பளித்தேன், திரும்ப ஒழுகியது. கண்ணாடியை எடுத்துப் பார்த்தால், முகத்தில் பாதி என் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணை மூடினால் வலது கண் மூடுகிறது, இடது கண் திறந்தபடியே நிற்கிறது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அடுத்த வீட்டு அக்கா வந்து பார்த்து, "ஆத்தாடி, காத்து அடிச்சிருச்சே!" என்று நெஞ்சில் கையை வைத்தாள். மணலை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். எந்தப் பக்கம்? வாய் கோணி நின்ற வலது பக்கம். பார்க்கிற கண்ணுக்கு அதுதானே நோய்ப் பக்கம். இரண்டு நாள் நானும் நல்ல பக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு கிடந்தேன்.

சிவகாசி டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். செத்துக் கிடப்பது இடது பக்கம், அதனால் உயிருள்ள வலது பக்கம் வாயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, காத்தும் இல்லை கருப்பும் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து, விருதுநகரில் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்.

அங்கே இருந்தது என்னைவிடச் சின்னப் பெண். வெளியூர்க்காரி, கறாரானவள். கழுத்துக்குப் பின்னால் ஒரு ஈரப் பட்டையை வைத்துவிட்டு, பேனா மாதிரி ஒன்றால் முகத்தில் அங்கங்கே தொடுவாள். சுருக்கென்று கரண்ட் பாயும். நான் தூக்க முடியாத புருவம் அவள் தொட்டதும் துள்ளும். என் முகத்தை அடுத்த ஆள் ஆட்டிவைப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா? அழுகை வந்தது. அழுதாலும் பாதி முகம்தான் அழுதது.

"வீட்ல பயிற்சி பண்ணணும். காலை, மத்தியானம், சாயங்காலம். புருவத்தைத் தூக்குங்க, மூக்கைச் சுருக்குங்க, கன்னத்தை உப்புங்க. அப்புறம் ஒரு தீக்குச்சியைப் பொருத்தி ஊதி அணைங்க. மொதல்ல கிட்ட வெச்சு, போகப் போகத் தள்ளி வெச்சு" என்றாள்.

"தீக்குச்சியா?" என்றேன்.

"ஏன், உங்க ஊர்லதானே செய்றாங்க?" என்று சிரித்தாள்.

எங்கள் வீட்டில் நெருப்பை வாயால் ஊதி அணைக்கிற வழக்கம் இல்லை. விளக்கைப் பூவால்தான் அமர்த்துவோம். வாயால் ஊதினால் குடும்பம் விளங்காது என்பாள் அம்மா. குடும்பமே இல்லாதவளுக்கு இனிமேல் விளங்கினால் என்ன, விளங்காவிட்டால் என்ன? அன்றைக்கே ஒரு தீப்பெட்டி வாங்கிவிட்டேன்.

கம்பெனியில் மூச்சு விடவில்லை. எங்கள் போர்மேன் அண்ணாச்சி கண் நோவு வந்தவளைக்கூட வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மருந்துப் பொடி பறக்கிற ரூமில், மூடாத கண்ணோடு ஒருத்தியை உட்கார விடுவாரா? அனுப்பிவிட்டால் நான் எங்கே போவேன்? வீட்டில் நாலு சுவர், இங்கே நாலு பேர். அதனால் பல்வலி என்று சொல்லிவிட்டு, பொடிக்காகக் கட்டுகிற துணியை மூக்குக்கு மேலேயே ஏற்றிக் கட்டிக்கொண்டேன். குனிந்து செய்கிற வேலை. கண்ணை யாரும் கவனிக்கவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட மட்டும் அடிக்கடி ஒதுங்கப் போவேன்.

ஆனால் பேச முடியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் முதலில் வருகிறது. சாப்பிடும்போது சோறு உதட்டோரம் வழிந்தது, அதை மறைக்கத் தூக்குவாளியோடு வேப்பமரத்தடிக்குத் தனியாகப் போய்விடுவேன். ரூமில் நான் கோபித்துக்கொண்டேன் என்று முடிவுகட்டினார்கள். மதினிதான் குத்திக்காட்டுவாள். "ஏன் டீச்சர், எங்க கூட உக்காந்து தின்னா கொறஞ்சா போயிருவீக?" என்பாள். பதிலுக்கு என்னிடம் நூறு வார்த்தை இருந்தது. ஒன்றையும் வெளியே எடுக்க முடியாமல் தலையை ஆட்டினேன். அவளுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும், பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து நான் ஒற்றை ஆளானது அப்படித்தான்.

ஒரு நாள் காலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூடாத கண்ணை மூடி ராத்திரி ஒட்டிய பிளாஸ்திரியைப் பிரித்து, மருந்து விட்டு, கிளம்பவே நேரமாகிவிட்டது. பயிற்சியை வீட்டில் செய்யவில்லை. கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பிரஸ்ஸின் பின்சுவர் உண்டு. அதன் மறைவில் நின்று தீக்குச்சியைப் பொருத்தி ஊதிக்கொண்டிருந்தேன். பஸ் வந்து ஆரன் அடித்தது. ஓடிப்போய் ஏறினேன். கையில் இருந்ததைச் சோற்றுக் கூடைக்குள் போட்டிருக்கிறேன். போட்டது எனக்கே தெரியாது.

கேட்டில் எல்லோரையும் சோதிப்பார்கள். தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. செல்போன் அப்போதுதான் எங்கள் கைக்கு வர ஆரம்பித்திருந்தது, அதை மறந்து கொண்டுவருகிறவர்களை வரிசையில் நின்று கேலி செய்கிற முதல் ஆள் நான்தான். அன்றைக்குச் சோதிக்கிற அம்மா என் கூடைக்குள் கையை விட்டாள். கை அப்படியே நின்றது. வெளியே எடுத்தபோது கையில் தீப்பெட்டி.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "என்னத்தா இது?" என்று மெதுவாகக் கேட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தானாக இரண்டு எட்டு விலகினார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் திருடினவளை மன்னிப்பார்கள், ஓடிப்போனவளை மன்னிப்பார்கள். தீப்பெட்டியோடு கேட்டுக்குள் போனவளை யாரும் மன்னிக்க மாட்டார்கள். அடுத்த கம்பெனியும் சேர்க்காது.

மதினி முன்னால் வந்தாள். "அடிப்பாவி, என் தம்பி கையப் பாத்திருக்கியேடி. பாத்துட்டுமா இதக் கொண்டாந்த? நம்ம நாலு பேரையும் சேத்துக் கொளுத்தவா?" என்றாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு அன்றைக்கு வாய் இல்லை. "வைத்தியத்துக்கு" என்று சொல்லப் பார்த்தேன். துணிக்குள்ளே புஸ் புஸ் என்று காற்றுதான் வந்தது. போர்மேன் அண்ணாச்சி வந்துவிட்டார். எனக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. துணியை அவிழ்க்காவிட்டால் நான் ரூமைக் கொளுத்த வந்தவள். அவிழ்த்தால் கோணிய வாய் தெரியும், கண்ணையும் பார்த்துவிடுவார்கள், வேலை போய்விடும். எப்படியும் வேலை போகத்தான் போகிறது, மதினி அப்படி நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று துணியை அவிழ்த்தேன். வரிசையில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். நான் வாயைக் காட்டி, தீப்பெட்டியைக் காட்டி, ஊதிக் காட்டினேன்.

"ஊதவா? மூஞ்சி கோணுனதுக்கும் தீப்பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? யாருகிட்ட கத விடுத?" என்றார் அண்ணாச்சி. ஆனாலும் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு, "வா" என்று நடந்தார். கம்பெனி எல்லையைத் தாண்டி, மெயின் ரோட்டையும் தாண்டி, கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். கேட்டோரம் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் குச்சியைப் பொருத்தி, காற்றுப் படாமல் இரண்டு கையையும் கிண்ணம்போல் குவித்து என் வாய்க்கு நேரே நீட்டினார். "ஊது."

ஊதினேன். மூச்செல்லாம் இடது ஓரம் வழியாக ஓடியது. சுடர் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. திரும்ப ஊதினேன். எச்சில்தான் வழிந்தது. குச்சி எரிந்து எரிந்து அவர் விரலைத் தொட்டது. உதறிக் கீழே போட்டு மிதித்தார். ஒரு குச்சியை அணைக்க முடியாதவள் என்பதால் நான் சொன்னது உண்மையாயிற்று.

அவர் என் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "கண்ணும் மூடாதா?"

தலையை ஆட்டினேன்.

"இந்தக் கண்ண வெச்சிக்கிட்டா மருந்து ரூம்ல இருந்த?" என்று பல்லைக் கடித்தார். பிறகு குரல் இறங்கியது. "வீட்டுக்குப் போத்தா. கண்ணு மூடணும். இதே எடத்துல நின்னு தீக்குச்சிய ஊதி அணைக்கணும். அன்னைக்கு உள்ள வா." திரும்பிப் பார்த்தேன். மதினி கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு பங்குனியிலிருந்து தீபாவளி தாண்டும்வரை வீடுதான். வீட்டிலிருந்தபடியே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுத்தேன். குழாய் உருட்ட வாய் தேவையில்லை, ஆளும் தேவையில்லை. விருதுநகருக்குப் போகிற நாளில் மட்டும் பஸ்ஸில் மனுஷர்களைப் பார்ப்பேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால், பக்கத்துச் சீட்டு கடைசியில்தான் நிரம்பும். பிசியோ பெண், "பயிற்சி செய்யும்போது கூட ஒருத்தர் இருந்து பார்த்தா நல்லது. கோணுதா நேராகுதான்னு சொல்வாங்க. வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள். "கண்ணாடி இருக்கு" என்றேன்.

மதினி வீடு இரண்டு தெரு தள்ளித்தான். இன்றைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன். சீசன் மும்முரமானது, ஞாயிற்றுக்கிழமைகூட வேலை. அதனால் வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். தீபாவளியும் வந்தது. அன்றைக்காவது வருவாள் என்று பலகாரம் சுட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் பிள்ளைகள் பூச்சட்டி விட்டார்கள். எங்கள் கம்பெனி லேபிள். பொங்கிப் பொங்கி அடங்கியது. பலகாரத்தை மறுநாள் நானே தின்றேன். அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! வாய் மட்டும் நேராகட்டும், அவள் வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். பேசப் பழகியதில் பாதி அந்தத் திட்டில்தான்.

முகம் மெதுவாகத் திரும்பியது. ஒருநாள் உதட்டோரம் ஈ ஊர்கிற மாதிரி ஒரு துடிப்பு. அடுத்துக் கண் பாதி மூடியது, பிறகு முழுசாக மூடியது. தீக்குச்சி ஒரு சாண் தள்ளி அணைந்தது, அப்புறம் ஒரு முழம். வீட்டுத் தரை முழுக்கக் கரிந்த குச்சிகள். இன்னொன்றும் புதிதாக வந்தது. சோறு மெல்லும்போது இடது கண்ணில் தண்ணீர் கொட்டியது. நரம்பு திரும்ப முளைக்கும்போது வழி மாறிப் போய்விட்டது, வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போகிறது, இது இனிமேல் இப்படித்தான் இருக்கலாம் என்றாள் பிசியோ பெண். "பரவாயில்ல, தனியாத்தானே திங்கேன்" என்றேன்.

தீபாவளிக்கு அடைத்த கம்பெனியைக் கார்த்திகையில் திரும்பத் திறந்தார்கள். தீப்பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே டவுன் பஸ்ஸில் போய் மெயின் ரோட்டில் இறங்கி, கருவேல மரத்தடியில் நின்றேன். கம்பெனி பஸ் வந்து கேட்டில் நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். தீப்பெட்டியை வாங்கிக் குச்சியைப் பொருத்தினார். இந்தத் தடவை கையைக் குவிக்கவில்லை. கரிசல் காட்டுக் காற்றில் வெட்டவெளியாக நீட்டினார். நான் மூச்சை இழுப்பதற்குள் குச்சி அணைந்துவிட்டது.

"சரி, உள்ள போ" என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்ததே ஆத்திரம்! எட்டு மாதம் ஒற்றையாக உட்கார்ந்து ஊதியிருக்கிறேன். "அண்ணாச்சி, அது காத்து அணைச்சது. இன்னொண்ணு பொருத்துங்க. கையக் குவிச்சுப் பிடிங்க" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. குவித்துப் பிடித்தார். ஊதினேன். சுடர் அணைந்தது, கூடவே கொஞ்சம் எச்சிலும் அவர் கைமேல் தெறித்தது. "ஏலே, வாய் வந்துருச்சுலே இவளுக்கு!" என்று கேட்டைப் பார்த்துக் கத்தினார். அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். மதினி சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே ரூம், அதே இடம். என்னைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள், மதினியைத் தவிர. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் பழகிய அந்த நாலு கேள்வியும் நாக்கில் நின்றன. கேட்கவில்லை. மத்தியானம் பழக்கதோஷத்தில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்து நடந்தேன்.

"ஏ டீச்சர், அங்கன யாருக்குப் பரிமாறப் போறீக? இங்கன உக்காருங்க" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

மற்ற இருவரும் கை கழுவப் போயிருந்தார்கள். மதினி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தன் குழம்பை என் சோற்றில் ஊற்றினாள். "ஏன் மதினி வரல?" என்று கேட்டேன். நாலு கேள்வியில் அந்த ஒன்றுதான் வெளியே வந்தது, அதுவும் திட்டாக வரவில்லை.

"யாரு வரல? தீவாளி அன்னைக்குத்தான் வந்தேன். முறுக்கு எடுத்துக்கிட்டு வந்தேன். கதவு தெறந்துதான் கெடந்துச்சு. நீ தரையில உக்காந்து ஒவ்வொரு குச்சியாப் பொருத்திப் பொருத்தி ஊதிக்கிட்டு இருந்த. மூஞ்சிக்கு நேரா தீ." மதினி குழம்புக் கிண்ணத்தை மூடினாள். "அதுக்கு மேல என்னால காலெடுத்து உள்ள வைக்க முடியலட்டி. அப்படியே திரும்பிட்டேன். அதுக்குப் பெறவு உன் வீட்டுப் பக்கம் வந்தாலே அதான் கண்ணுக்குள்ள நிக்கி."

நான் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். மென்றேன். தண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"அழாதட்டி" என்று முந்தானையால் துடைக்க வந்தாள்.

"அழல மதினி. சோறு மென்னா இந்தக் கண்ணுல தண்ணி வரும். நரம்பு மாத்தி மொளச்சிருச்சாம். விருதுநகர்ப் பொண்ணு சொல்லுச்சு."

மதினி என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். வலது பக்கத்தையும் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கண்ணுல வர்றது?" என்றாள்.

நான் மென்றுகொண்டே இருந்தேன்.